கீச்சொலி, முனகல், சடசடப்பு: குழாய் மானிட்டர்களின் ஒலி வரலாறு

மேசையில் பாதியிடத்தை அடைத்துக்கொண்டு, முதுகுப்புறம் பருத்து, இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய எடையுடன் இருந்த பழைய கணினி மானிட்டர்கள் பலவகை ஒலிகளை எழுப்பின. சுவிட்சைப் போட்டதும் எழும் ‘தொம்’ என்ற அதிர்வு, இடைவிடாத மெல்லிய கீச்சொலி, ஈரப்பதம் மிகுந்த நாள்களில் கேட்கும் சடசடப்பு ஆகியவை அவற்றுள் பலரும் அறிந்தவை. இவற்றுள் கீச்சொலிக்கே நீண்ட வரலாறு உண்டு. கணினி அதைத் தொலைக்காட்சியிடமிருந்து பெற்றது, தொலைக்காட்சியின் அளவுகளைக் கைவிட்டபோது அதையும் இழந்தது.

ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1897-ஆம் ஆண்டு உருவாக்கிய கேதோடுக் கதிர்க் குழாய், அதாவது காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயினுள் எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தி ஒளிரும் பூச்சின்மீது புள்ளியிடும் கருவி, பிற்காலத்தில் ‘பிக்சர் டியூப்’ என்ற பெயரில் வீடுகளுக்குள் வந்தது. கற்றை இடமிருந்து வலமாக ஒரு வரியை வரைந்து முடித்ததும் மின்னல் வேகத்தில் இடப்பக்கம் திரும்பி அடுத்த வரியைத் தொடங்க வேண்டும். குழாயின் கழுத்தைச் சுற்றியுள்ள காந்தச் சுருள்கள் அதை இழுத்துச் செல்கின்றன. அந்தத் திடீர்த் திரும்பலில் பிறக்கும் மின்துடிப்பை வீணாக்காமல், ஃபிளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் எனப்படும் மின்மாற்றியின் வழியாகப் பெருக்கி, வண்ணக் குழாய்க்குத் தேவைப்படும் ஏறத்தாழ 25,000 வோல்ட் மின்னழுத்தத்தைப் பெற்றனர். காந்தமாகும்போது இரும்பு நுண்ணளவில் நீளம் மாறும் என்பதை ஜேம்ஸ் ஜூல் 1842-இலேயே கண்டறிந்திருந்தார். இம்மின்மாற்றியின் ஃபெரைட் உள்ளகமும் ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை அவ்வாறே அதிர, தளர்ந்த கம்பிச் சுற்றுகள் அதனுடன் சேர்ந்து துடிக்க, கீச்சொலி பிறந்தது.

ஆகவே ஒலியின் சுருதியைத் தீர்மானித்தது எளிய பெருக்கல் கணக்கே. 1936-ஆம் ஆண்டு பி.பி.சி. லண்டன் அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியபோது, அது பின்னர் நிலையாக ஏற்ற முறையில் ஒரு படத்திற்கு 405 வரிகள், நொடிக்கு 25 படங்கள். பெருக்கினால் 10,125 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகள். அமெரிக்கா ஏற்ற 525 வரி முறையில் அது 15,750 ஆகவும், இந்தியா ஏற்ற 625 வரி முறையில் 15,625 ஆகவும் இருந்தது. இளஞ்செவிக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற அந்த மேல் எல்லை தாழ்ந்துகொண்டே வரும். பிரிட்டனின் பழைய தொலைக்காட்சிப் பெட்டி குடும்பத்தில் பெரும்பாலோருக்கும் கேட்டிருக்கும். 2006 முதல் தமிழ்நாடு அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணப் பெட்டியின் கீச்சொலியோ பேரப்பிள்ளைகளுக்குக் கேட்டிருக்கும், தாத்தா பாட்டியரில் பெரும்பாலோருக்குக் கேட்டிருக்காது. அடுத்த அறையில் ஒலியை அடக்கி வைத்த பெட்டி ஓடுவதைக் குழந்தைகள் அறிந்தது இவ்வாறே.

1977-இல் ஆப்பிள் II, டி.ஆர்.எஸ்.-80 முதலிய வீட்டுக் கணினிகள் விற்பனைக்கு வந்தபோது, மலிவாகக் கிடைத்த திரை தொலைக்காட்சித் திரை ஒன்றே. எனவே கணினிகள் அதன் வரிக்கணக்கையும் அக்கணக்கின் ஒலியையும் அப்படியே ஏற்றுக்கொண்டன. ஐ.பி.எம். 1981-இல் வெளியிட்ட தனிக்கணினியின் வண்ண அட்டையும் தொலைக்காட்சியின் வேகத்திலேயே இயங்கியது. எழுத்துகளை மட்டும் காட்டும் அதன் ஒற்றை நிற அட்டை 18,432 ஹெர்ட்ஸில் இயங்கியதால், கீச்சொலி செவிப்புலத்தின் விளிம்பிற்கு நகர்ந்தது. 1984-ஆம் ஆண்டின் மெக்கின்டாஷ் ஏறத்தாழ 22,250 ஹெர்ட்ஸையும், ஐ.பி.எம்.மின் பி.எஸ்./2 கணினிகளுடன் 1987-இல் வந்த வி.ஜி.ஏ. முறை ஏறத்தாழ 31,500 ஹெர்ட்ஸையும் எட்டின. எவருடைய காதையும் கருதி இந்த மாற்றம் நிகழ்ந்ததாகச் சொல்வதற்கில்லை. எழுத்து கூர்மையாகத் தெரிய வேண்டும், திரை சிமிட்டக் கூடாது என்பதற்காகவே வரிகள் கூட்டப்பட்டன, அமைதி உடன்வந்த இலாபம். மின்மாற்றி அப்போதும் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது; வீட்டு நாய்க்கு அது கேட்டிருக்கக்கூடும்.

இதன் பின்னர் மானிட்டரிலிருந்து காதில் விழும் கீச்சொலி இயல்பானது என்ற நிலை போய், எச்சரிக்கை என்றாயிற்று. பொருந்தாத வேகத்தின் ஆபத்து அதற்கு முன்பே தெரிந்ததுதான்: ஐ.பி.எம்.மின் ஒற்றை நிற மானிட்டர், கணினி அட்டை அனுப்பும் துடிப்பை நம்பியே வரிகளை வரைந்ததால், அந்த அட்டையின் பதிவேடுகளில் தவறான எண்களை எழுதும் நிரல், மானிட்டரைப் பொருந்தாத வேகத்தில் ஓடவைத்து மின்மாற்றியைச் சூடேற்றிக் கெடுக்க முடிந்தது. மென்பொருள் வன்பொருளைப் பொசுக்காது என்று பொதுவாகச் சொல்லப்பட்ட காலத்தில் இது அரிய விதிவிலக்கு. 1990-களில் லினக்ஸ் பயன்படுத்தியோர் தம் மானிட்டரின் அலைவெண் எல்லைகளைத் தாமே கோப்பில் எழுதவேண்டியிருந்தது. எல்லை மீறினால் மானிட்டர் பழுதாகலாம் என்று அக்காலக் கையேடுகள் எச்சரித்தன.

சுவிட்சைப் போட்டதும் கேட்கும் ‘தொம்’ ஒலிக்கு வேறு வம்சாவளி. ஆர்.சி.ஏ. நிறுவனம் 1950-இல் காட்டிய வண்ணக் குழாயில், சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைப் பிரித்துக்காட்ட, நுண்துளைகளிட்ட மெல்லிய உலோகத் தகடு திரைக்குப் பின்னே பொருத்தப்பட்டது. எஃகாலான தகடு புவியின் காந்தத்தையும் அருகில் வைத்த ஒலிபெருக்கியின் காந்தத்தையும் ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொண்டால் கற்றை வழிமாறித் திரையின் மூலைகளில் நிறம் கறைபடியும். இதற்கான மருந்து போர்க்கப்பல்களுக்காக முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது: கப்பலின் காந்தத்தை உணர்ந்து வெடிக்கும் ஜெர்மானியக் கண்ணிவெடி ஒன்றை 1939 நவம்பரில் ஷூபரினெஸ் கடற்கரையில் கைப்பற்றிய பிரிட்டிஷ் கடற்படை, தன் அதிகாரி சார்ல்ஸ் குட்ஈவின் முயற்சியால் கப்பல்களில் மின்கம்பிச் சுற்றுகளைப் பொருத்திக் காந்தத்தை முறியடித்தது. மானிட்டரில் அதே வேலையைக் குழாயைச் சுற்றிய ஒரு சுருள் செய்தது. சுவிட்சைப் போட்ட கணத்தில் பெரும் மாறுமின்னோட்டம் அதில் பாய்ந்து, சூடேறும்போது மின்தடை கூடும் ஓர் உறுப்பால் ஓரிரு நொடிகளில் தணிய, தகடும் சுருளும் அதிர்ந்து முனகி, திரையில் படம் நடுங்கி நின்றது. அணைத்த மானிட்டரை உடனே மீண்டும் போட்டால் இவ்வொலி வராது. அவ்வுறுப்பு ஆறியிருக்காது என்பதே காரணம்.

எஞ்சிய ஒலிகள் பழுது பார்ப்போருக்கே உரியவை. சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கித் தொழில் செய்த மெக்கானிக்குகள் ‘ஈ.எச்.டி.’ என்றே குறிப்பிட்ட அந்த ஃபிளைபேக் மின்மாற்றியின் காப்புறை விரிசல் கண்டால், உயர் மின்னழுத்தம் அருகிலுள்ள உலோகத்திற்குத் தாவிச் சடசடக்கும்; இருட்டில் பார்த்தால் நீலப் பொறி தெரியும், மின்பொறி காற்றில் உண்டாக்கும் ஓசோனின் நெடி அடிக்கும். உயர் மின்னழுத்தக் கம்பி குழாயில் சேருமிடத்தை மூடும், உப்புக்காற்றும் தூசியும் படிந்த ரப்பர் மூடியின் ஓரத்தில் கசிவு என்றால், துடைத்து உலர்த்தினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். திரை இருண்டிருக்க, உள்ளிருந்து ‘டிக்... டிக்...’ என்று சீரான இடைவெளியில் கேட்டால், மின்வழங்கி இயங்கத் தொடங்குவதும், எங்கோ குறுக்குச்சுற்று இருப்பதை உணர்ந்து நிற்பதுமாக இருக்கிறது என்று பொருள். மின்மாற்றிக்கு வரித் துடிப்பைத் தரும் ‘வரி டிரான்சிஸ்டரை’ முதலில் சோதிப்பது வழக்கம். திரையின் அளவை மாற்றும்போது கேட்கும் ஒற்றை ‘டிக்’ மட்டும் பழுதன்று, பல அலைவெண்களை ஏற்கும் மானிட்டர்களில் உள்ள ரிலே இடம்மாறும் ஓசை. மூடியைக் கழற்றாமலே பாதி நோயைச் சொல்லிவிட்ட இந்தக் கேள்வித்திறனைக் கையேடுகள் போதிய அளவு பதிவு செய்யவில்லை என்பது வருந்தத்தக்கது.

குழாய் மானிட்டர்கள் ஒழிந்த பின்னும் ஒலி முற்றாக ஒழியவில்லை. தட்டைத் திரைகளின் மின்வழங்கியில் உள்ள சுருள்களும் மின்தேக்கிகளும், திரையில் தோன்றும் படத்திற்கேற்ப மின்சுமை மாறும்போது, மிக மெல்லியதாக அதிர்கின்றன. டேனியல் ஜென்கின், எரான் ட்ரோமர் உள்ளிட்ட ஆய்வாளர் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த ஒலியைச் சாதாரண மைக்ரோஃபோனில் பதிவு செய்து, திரையில் காட்டப்பட்ட எழுத்துகளை ஊகித்தறிய முடியும் என்று செய்துகாட்டியது.