கண் செய்யும் மாயம்



மழைக்காலத்தில் ஒருநாள் செம்பரம்பாக்கம் ஏரியின் மதகருகே நின்றிருந்தேன். இறங்கிப் பாயும் நீரைச் சிறிது நேரம் இமையாது நோக்கிவிட்டு, பக்கத்துக் கற்சுவரைப் பார்த்தேன். கற்கள் மெல்ல மேலேறுவதாகத் தோன்றின! கையால் தொட்டேன்; கல் அசையவில்லை. கண்ணை நம்புவதா, கையை நம்புவதா?

இந்த வியப்பு எனக்கு மட்டும் உரியதன்று. 1834ஆம் ஆண்டில் ராபர்ட் ஆடம்ஸ் என்பார் ஸ்காட்லாந்து நாட்டு ஃபாயர்ஸ் அருவியை நோக்கிவிட்டு, அருகிருந்த பாறை மேலெழக் கண்டதாக எழுதினார். கீழ்நோக்கிய அசைவை உணரும் நரம்பணுக்கள் தளர்ந்துவிட, மேல்நோக்கிய அசைவை உணர்வன மேலோங்குகின்றன என்று இன்று விளக்கம் தருகின்றனர்.

கண்ணின் மற்றோர் இயல்பு பெருந்தொழில் ஒன்றுக்கே வித்திட்டது. 1832இல் பெல்ஜிய அறிஞர் பிளாட்டோ, சுழலும் தட்டில் தீட்டிய படங்கள் அசைவது போலத் தோன்றச் செய்தார். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரில் லூமியேர் உடன்பிறந்தார் கட்டணம் பெற்றுத் திரைப்படம் காட்டினர். தமிழகத்தில், திருச்சிராப்பள்ளியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கினார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கையும் எழுப்பினார்.

அக்கூடாரங்களில் மக்கள் கண்டவை அசையாத படங்களின் வரிசையே. பேசும் படம் வந்தபின் நொடிக்கு 24 படங்கள் என்ற அளவு நிலைபெற்றது. படத்துக்கும் படத்துக்கும் இடையே திரை இருண்டுவிடும். நாம் அதை உணர்வதில்லை. விழித்திரையில் பிம்பம் சற்றே தங்குவதால்தான் அசைவு தோன்றுகிறது என்று நூல்கள் நெடுநாள் கூறிவந்தன. அது முழு விடையன்று. அசையாத இரு கோடுகளை அடுத்தடுத்துக் காட்டினால், இடையே இல்லாத அசைவை மனமே அமைத்துக்கொள்வதை ஜெர்மானிய உளவியலறிஞர் மாக்ஸ் வெர்த்தைமர் 1912இல் விளக்கினார்.

இன்று ஏரிக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் தொலைக்காட்சிப் பெட்டிகளும் கைப்பேசிகளும் உருவாகின்றன. பெரும்பாலான திரைகளில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிப்புள்ளிகளே உண்டு. செவ்வொளியும் பச்சையொளியும் கலந்து விழும்போது மஞ்சள் என்று கொள்வது நம் கண்ணும் மூளையுமே.

அதே ஸ்ரீபெரும்புதூரில் 1017ஆம் ஆண்டு பிறந்தவராகப் போற்றப்படும் இராமானுசர், சிப்பியை வெள்ளியென மயங்குவது பற்றி ஆராய்ந்தார். அம்மயக்கத்திலும் முற்றும் இல்லாததை எவரும் காண்பதில்லை. சிப்பியில் வெள்ளியின் கூறு உண்டு என்பது அவர் கொள்கை. மயக்கத்துக்கும் ஓர் அடிப்படை உண்டு என்ற அளவில் அது சிந்திக்கத்தக்கது.

இன்று கணிப்பொறி, ஒருவர் பேசாத பேச்சை அவர் முகத்தோடும் குரலோடும் பேசவைக்கிறது. அதை நம்பி ஊர் கலவரப்படவும் கூடும். அன்று கல்லைத் தொட்டு அறிந்த பின்னரும், சிறிது நேரம் அது என் கண்ணுக்கு ஏறிக்கொண்டுதான் இருந்தது. அறிவு மயக்கத்தை உடனே போக்கிவிடாது. மயக்கத்தை மெய்யென்று முடிவுகட்டாமல் நம்மைத் தடுக்கும். தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொன்னதன் பொருள் அதுவே.