குடிநோய் தீர்க்கும் கல்வி

மதுவை ஒழிக்க நம் நாட்டில் சட்டமும் முயன்றது. 1937இல் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டது. பின்னர்க் கடைகள் திறந்தன. 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறை விற்பனையும் நடத்துகிறது. சட்டம் கடையை மூடலாம், குடிநோயாளியைக் குணப்படுத்தாது.

அதற்குப் பயிற்சி பெற்றோர் வேண்டும். இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி 1936இல் பம்பாயில் சர் தோராப்ஜி டாட்டா பெயரால் எழுந்தது. 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சென்னையில் சமூகப்பணிக் கல்லூரி கண்டார். 1980இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார், குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த துயரினூடே, சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்.

குடி நம் சாதியின் குணம் என்று பழிப்பார் உளர். அது பொய். பெருந்தொழில் நடத்திய செல்வக் குடும்பத்திலும் அந்நோய் புகுந்ததை இவ்வரலாறே காட்டுகிறது.

நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் தோன்றி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே சத்தியம் வாங்கினால் மட்டும் போதாது. மருத்துவர் உடலைத் தேற்றுவார். மனத்தைத் தேற்றி, மனைவி மக்களோடும் பேசி, வீடு திரும்பிய பின்னும் மாதக்கணக்கில் தொடர்ந்து காண்பவர் சமூகப்பணியாளரே.

இளைஞர்களே! இளங்கலைக்குப் பின் இரண்டாண்டுப் படிப்பு இது. ஆசிரியரையும் எழுத்தரையும் உருவாக்கிய நம் தெருக்கள், தம் துயரைத் தாமே அறிந்து தீர்க்கும் பணியாளரையும் உருவாக்கட்டும்.