பெரியதா, சமமா? – ஒரு சின்னக் கோட்டின் கதை

போன வருஷம் நான் எழுதின நிரல்ல ஒரு பொடி வழு. அறுபது வயசு ஆனவங்களுக்குக் கட்டணச் சலுகை. நான் 'வயது > 60'ன்னு போட்டுட்டேன். 59 போட்டுப் பார்த்தோம், சலுகை வரலை. 65 போட்டோம், வந்துச்சு. எல்லாம் சரின்னு அனுப்பியாச்சு. சரியா 60 வயசான ஒரு பெரியவர் முழுக் காசும் கட்டிட்டு போன்ல கேட்டார், "எனக்கு மட்டும் ஏன் தம்பி இல்லை?" பதில் சொல்ல வாய் வரலை.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து இந்தக் குறியோட பூர்வீகத்தைத் தேடினேன்.

சமக்குறியை ராபர்ட் ரெக்கார்ட் 1557-லேயே அச்சுல கொண்டுவந்துட்டார். > மற்றும் < அச்சேறினது 1631-ல், தாமஸ் ஹாரியட்டோட இயற்கணிதப் புத்தகத்துல. மனுஷர் லேசுப்பட்டவர் இல்லை. 1585-ல் வர்ஜீனியாவுக்குக் கப்பலேறினவர். 1609 ஜூலையில், கலிலியோவுக்கு முன்னாடியே தொலைநோக்கி வழியா நிலாவைப் பார்த்து வரைஞ்சவர். ஆனா கணக்கை மட்டும் அச்சுக்குக் கொடுக்கவே இல்லை. 1621-ல் இறந்துட்டார். பத்து வருஷம் கழிச்சு நண்பர்கள்தான் புத்தகத்தைக் கொண்டுவந்தாங்க. அதே 1631-ல் வில்லியம் ஓட்ரெட் வேற குறிகளோட வந்தார். நிலைச்சது ஹாரியட் புத்தகத்துல இருந்தது!

சரி, மேட்டருக்கு வருவோம். ஒரு எண் அசமன்பாட்டுக்குத் தீர்வான்னு பார்க்கிறது ரொம்ப சுலபம். எண்ணைப் போடு, கிடைக்கிற வாக்கியம் உண்மையான்னு பாரு. அவ்ளோதான். 'ஒரு எண்ணோட ரெண்டு மடங்கு, கூட 3, இது 11-ஐ விடப் பெரிசு' - இதுல 5 போட்டா 13 > 11, உண்மை. 3 போட்டா 9 > 11, பொய். 4 போட்டா 11 > 11. பொய்தான்! 11, 11-ஐ விடப் பெரிசு இல்லையே.

அந்த 4-ஐயும் உள்ளே சேர்க்கணும்னா 'பெரியது அல்லது சமம்'னு சொல்ல ஒரு குறி வேணும். பிரெஞ்சுக்காரர் பியேர் பூகேர் 1734-ல் > குறிக்குக் கீழே ரெட்டைக் கோடு போட்டார் (≧). ஹாரியட் புத்தகம் வந்து 103 வருஷம் கழிச்சு! அவர் கீழே போட்டதை நாம நிரல்ல பக்கத்துல போடுறோம்: >=

நான் விட்டது அந்த ஒத்தை எழுத்தைத்தான். 59-ம் 65-ம் எந்தக் குறி போட்டாலும் ஒரே பதில்தான் சொல்லும். தப்பைக் காட்டிக்கொடுக்கிறது எல்லையில நிக்கிற எண் மட்டும்தான்.

இப்பல்லாம் சோதிக்கும்போது முதல்ல அந்த எல்லை எண்ணைத்தான் போடுறேன். அந்தப் பெரியவருக்குக் காசு திரும்பப் போயிடுச்சு. அவர் கேட்ட கேள்விதான் இன்னும் காதுல இருக்கு.