மேஸ்திரி முதல் எச்.ஆர். வரை

எச்.ஆர். கூப்பிடுகிறார் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்த நாற்காலி எதற்காகப் போடப்பட்டது என்று கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது. வரலாற்று வாத்தியார் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து ஆலைகளில் ஆள் எடுப்பது முதலாளி அல்ல. நம் பக்கம் மேஸ்திரி, பம்பாயில் ஜாபர், கல்கத்தா சணல் ஆலைகளில் சர்தார். வேலைக்குச் சேர்ப்பவரும் அவரே, நிறுத்துபவரும் அவரே. சேரும்போது கையில் ஏதாவது வைக்க வேண்டும். லீவு எடுத்துத் திரும்பி வந்தாலும் வைக்க வேண்டும். முறையிடப் போனால் எதிரே உட்கார்ந்திருப்பதும் அதே மேஸ்திரிதான்.

1918 ஏப்ரலில் பெரம்பூரில் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். திரு.வி.க.வும் அதில் முன்னின்றார். பின்னி ஆலைத் தொழிலாளிகளின் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. இதைச் சொல்லக்கூட ஆலைக்குள் ஓர் ஆள் இல்லை என்பதுதான் நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வது.

1931இல் விட்லி தலைமையிலான ராயல் கமிஷன் அறிக்கை கொடுத்தது. மேஸ்திரி கையிலிருந்து ஆள் எடுக்கும் அதிகாரத்தைப் பிடுங்கி, லேபர் ஆபீசர் என்று தனியாக ஒருவரிடம் கொடுக்கச் சொன்னது. சுதந்திரம் வந்தபின் 1948 தொழிற்சாலைகள் சட்டம், 49ஆம் பிரிவு: 500 தொழிலாளர் இருந்தால் நல அலுவலர் கட்டாயம். இதற்கென்றே படிப்பும் வந்தது. 1936இல் பம்பாயில் டாடா பள்ளி, 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சென்னை சமூகப்பணிப் பள்ளி. கவனியுங்கள், மேலாண்மைப் பள்ளி அல்ல, சமூகப்பணிப் பள்ளி.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பல மாநில விதிகளில், நல அலுவலர் தொழிலாளிக்கு எதிராக நிர்வாகத்தின் சார்பில் தீர்ப்பாயத்தில் ஆஜராகக் கூடாது என்றே எழுதி வைத்தார்கள். சம்பளம் கொடுப்பது முதலாளி, ஆனால் அவருக்காக வாதாடக் கூடாது! நடைமுறையில் இது எவ்வளவு நின்றது என்பது வேறு கதை. அப்படி எழுதத் தோன்றியதே, அதுவே எனக்குப் பெரிது.

என் பழைய மாணவர் ஒருவர் இந்தத் துறையில் 34 ஆண்டு இருந்து ஓய்வுபெற்றார். "சார், சேர்ந்தப்போ வெல்ஃபேர் ஆபீசர், அப்புறம் பர்சனெல் மேனேஜர், கடைசியில வைஸ் பிரசிடென்ட் எச்.ஆர். வேலை ஒண்ணுதான்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் பெயரில் 'நலன்' இருந்தது, கடைசிப் பெயரில் மனிதன் 'வளம்' ஆகிவிட்டான், நிலக்கரி மாதிரி.

இதில் ஒரு முரண் உண்டு. 1970களின் நடுவில் எல் அண்டு டி நிறுவனத்துக்காக உதய் பரீக்கும் டி.வி. ராவும் மனிதவள மேம்பாட்டுத் துறையை வடிவமைத்தபோது, ஆளை வளர்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். நல்ல எண்ணம்தான். ஆனால் ஆலைகள் மூடப்பட்டு, விருப்ப ஓய்வுத் திட்டங்கள் வந்தபோது, பட்டியல் தயாரிக்கும் வேலையும் அதே மேசைக்கு வந்தது. மேஸ்திரியின் இரண்டு அதிகாரமும், சேர்ப்பது, நிறுத்துவது, கோட்டு சூட்டோடு ஒரே இடத்தில் கூடிவிட்டது.

2020இல் வந்த புதிய சட்டத் தொகுப்பு, நல அலுவலருக்கான 500ஐ 250 ஆகக் குறைத்திருக்கிறது. அது ஆலை, சுரங்கம், தோட்டங்களுக்கு.

பழைய ஆலைகளில் வெல்ஃபேர் ஆபீசரைப் பார்த்துப் பேசியவர்கள், அல்லது அந்த வேலையே பார்த்தவர்கள் இங்கே இருந்தால் எழுதுங்கள். உங்களுக்காக அவர் ஒருநாளாவது முதலாளியிடம் பேசினாரா?