பயத்துக்கும் வரலாறு உண்டு

பெண் சைக்கிள் ஓட்டப் பயந்தால் அது அவள் சுபாவம் என்று சொல்லிவிடுகிறோம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டம் வேறு பதில் சொன்னது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுத்தந்தது. விவசாயக் கூலிகளும் கல்குவாரித் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கேலி பேசினார்கள். ஆனால் பேருந்துக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருந்த நேரம் மிச்சமானது. தண்ணீர்க் குடம் கேரியரில் ஏறியது.

நாற்பது கடந்தபின் நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில், விடிகாலையில் நான் சைக்கிள் கற்றேன். விழுந்துவிடுவேன் என்ற பயம் சில நாட்களில் போய்விட்டது. பார்க்கிறார்களே என்ற பயம் போகவில்லை. மீன் விற்கும் அக்கா ஒருவர், "கீழ பாக்காதம்மா, நேரா பாத்து ஓட்டு" என்றார்.

புதுக்கோட்டைப் பெண்கள் இந்தப் பயத்தைத் தனித்தனியாக வெல்லவில்லை. ஒருத்தி ஓட்டினால் வேடிக்கை பார்க்கும் ஊர், எல்லோரும் ஓட்டியபோது பழகிக்கொண்டது. இன்று பள்ளி மாணவி அரசு தந்த சைக்கிளில் போவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் அம்மா அதே சைக்கிளில் ஏறினால் பார்க்கிறார்கள். அந்த இயக்கம் பாதியில் நிற்பது இந்த இடத்தில்தான்.