தேவாலய வாசலில் முட்டைக்கோஸ்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள் நம் ஊரில். லெனின்கிராடில், அதாவது இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், அப்படித் தேர்ந்தெடுக்கப் பல பட்டங்கள் கிடையாது. பனி உருகி மண் இளகியதும் விதைக்க வேண்டும்; மறுபடி உறைவதற்குள் அறுத்துவிட வேண்டும். 1942-இல் அந்தச் சில மாதங்களைப் பெரிதும் நம்பித்தான் அந்த நகரம் இருந்தது.

1941 செப்டம்பர் 8 அன்று ஜெர்மன் படை தரைவழியை முழுக்க அடைத்துவிட்டது. நவம்பர் பிற்பகுதியில் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 250 கிராம் ரொட்டி. குழந்தைகளுக்கும் வேலையில்லாதவர்களுக்கும் 125 கிராம். நம் கடை பிரெட்டில் நாலைந்து துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் மாவோடு கலப்படம். அந்தக் குளிர்காலத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் இறந்தார்கள்.

மிஞ்சியவர்கள் வசந்தத்தில் மண்வெட்டி எடுத்தார்கள். பூங்காக்களும் மைதானங்களும் காய்கறிப் பாத்திகளாயின. செயின்ட் ஐசக் தேவாலயத்தின் முன்னாலேயே முட்டைக்கோஸ் வரிசைகள்! இலையுதிர்காலத்தில் அறுவடை செய்த படங்கள் இருக்கின்றன. பின்னால் அந்தப் பெரிய குவிமாடம். எனக்கு மாடியில் பத்துத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றவே முழங்கால் முனகுகிறது. பட்டினியில் ஒடுங்கிய அந்தக் கைகள் எப்படிக் கொத்தினவோ!

முட்டைக்கோஸுக்குக் காரணம் உண்டு. குளிர் தாங்கும். நாம் மாங்காய் போடுவதுபோல உப்பில் ஊறப்போட்டால் குளிர்காலம் முழுக்க வரும். முக்கியமாக, ஈறு வீங்கிப் பல் ஆடும் ஸ்கர்வி நோயைத் தடுக்கும். முந்தைய குளிர்காலத்தில் அதற்காகப் பைன் ஊசியிலைக் கஷாயம் குடித்துச் சமாளித்திருந்தார்கள்.

அதே சதுக்கத்தில்தான் நிகலாய் வவிலோவ் வளர்த்தெடுத்த விதை ஆய்வு நிறுவனமும் இருந்தது. உலகமெங்கும் சேகரித்த நெல், கோதுமை, நிலக்கடலை விதைகள் அங்கே பொட்டலம் பொட்டலமாக. அவற்றைக் காத்த ஊழியர்கள் பலர் பட்டினியால் இறந்தார்கள். நெல் சேகரிப்பைப் பார்த்துக்கொண்ட திமித்ரி இவானோவ், அரிசிப் பொட்டலங்களுக்கு நடுவே அவற்றைத் தொடாமலே உயிர்விட்டார். விதைநெல்லைக் குத்தித் தின்பதை நம் பக்கத்தில் வசையாகவே சொல்வார்கள். ஆனால் குலை பட்டினி கிடக்கும்போது தின்றிருந்தால்தான் யார் குறை சொல்லியிருக்க முடியும்?

வவிலோவ் அப்போது ஸ்டாலினின் சிறையில். 1943 ஜனவரியில் சராதவ் சிறையிலேயே இறந்தார்.

அந்த ஆண்டும் நகரத்தில் பாத்தி கட்டினார்கள். முற்றுகை முழுதாக நீங்கியது 1944 ஜனவரி 27 அன்றுதான்.