நல்லாசிரியர் விருது: கோப்பில் என்ன எழுதணும்?

செப்டம்பர் 5 வந்தா, குடியரசுத் தலைவர் கையால ஆசிரியர்கள் விருது வாங்குற போட்டோ எல்லா பேப்பர்லயும் வரும். அந்த விருது ஆசிரியர் தினத்தைவிட மூத்தது, தெரியுமா? தேசிய நல்லாசிரியர் விருது தொடங்கியது 1958-ல். ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரான 1962-லதான் அவர் பிறந்தநாள் ஆசிரியர் தினமாச்சு.

மேடையை விடுங்க. ஒரு பெயர் அந்த மேடை வரைக்கும் எப்படிப் போகுது? ரொம்ப காலம் மாநில அரசு பரிந்துரைச்சாதான் உண்டு. அதாவது, மேலதிகாரி கண்ணில் படணும். மலைக்கிராமத்து ஓராசிரியர் பள்ளியில் இருக்கிறவர் யார் கண்ணில் படுவார், சொல்லுங்க?

2018-ல் மத்திய அரசு இதை மாத்திச்சு. ஆசிரியரே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். மாவட்டக் குழு, மாநிலக் குழு, கடைசியில் தேசிய நடுவர் குழு. அதே வருஷம் விருதுகளின் எண்ணிக்கையும் 300-க்கு மேல் இருந்ததிலிருந்து 45 ஆகச் சுருங்கியது. கதவு திறந்தது, ஆனா உள்ளே நாற்காலி குறைஞ்சிருச்சு.

இதுல ஒரு சிக்கல். தன்னைப் பற்றித் தானே எழுதுறது நம்ம ஊர்ல தற்பெருமை. அதனால பலரும் "அர்ப்பணிப்புடன் பணியாற்றினேன்"னு பொதுவா எழுதி முடிச்சிடுவாங்க. அதை எந்த நடுவரும் எடைபோட முடியாது. விதிகள் கேட்கிறது வேற: மாணவர் சேர்க்கையைக் கூட்டவும் இடைநிற்றலைக் குறைக்கவும் என்ன செஞ்சீங்க, பெற்றோரையும் ஊராரையும் எப்படி உள்ளே கொண்டு வந்தீங்க. ஆதாரமா ஆவணம், போட்டோ, வீடியோ. ஒரு பேச்சுக்கு, பள்ளியை விட்டு நின்ன 6 பிள்ளைகளில் 4 பேரை வீடு வீடாப் போய்த் திரும்ப அழைச்சு வந்தீங்கன்னா, அந்த வருஷத்து வருகைப் பதிவேட்டுப் பக்கமே போதும். திரும்பி வராத 2 பேரைப் பற்றியும் எழுதலாம்; என்னைக் கேட்டா, அதுதான் நம்பிக்கை தரும்.

ஆனா எவ்வளவு நல்லா எழுதினாலும் சிலருக்கு இடமே இல்லை. ஒப்பந்த ஆசிரியர்கள் விண்ணப்பிக்க முடியாது. இது ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் மட்டுமான விருது. சத்துணவு சமைக்கிற அக்காவுக்கும், பள்ளியைப் பெருக்கிக் கழுவுறவருக்கும் அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.